மூன்றாம் எண் நகரவில்லை

மார்ச் 3, வெள்ளி

ஐந்தும் முடிந்தது. எல்லாம் இந்த வருடம் பொரித்த கூழைக்கடாக் குஞ்சுகள். குஞ்சு என்று பெயர்தானே தவிர ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குக் குறையாது. சரணாலயத்துக் கரையில் காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். களப்பணியில் கூட வரும் தாவீது அண்ணாச்சி அலகைப் பிடித்துக்கொண்டார். நான் பறவையை மடியில் அமுக்கிக்கொண்டேன். எங்கள் ஆய்வை நடத்தும் ஹேமலதா மேடம் முதுகில் பெட்டியைப் பொருத்தினார்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. மேலே சூரிய ஒளித் தகடு. வெயில் பட்டால் மின்கலம் ஏறும். பறவை எங்கே நிற்கிறது என்பதை செல்போன் கோபுரம் வழியாக எங்கள் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பெட்டியிலிருந்து இரண்டு வார்கள் இறக்கைகளுக்கு அடியில் சுற்றிவந்து நெஞ்சில் சேரும், பள்ளிக்கூடப் பை மாட்டுவது போல.

முதல் இரண்டை மட்டும் மேடம் பொருத்தினார். அவருக்குப் பகல் ரயிலில் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. "வளர்ற பறவை ஆவுடை. ரெண்டு விரல் போற மாதிரி விடு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஆனால் அவர் பொருத்திய முதல் எண்ணின் பெட்டி அரை மணி நேரத்திலேயே ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. அதனால் மூன்று, நான்கு, ஐந்துக்குக் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன். ஒன்றரை விரல் போயிற்று. அது போதும். பெட்டி நேராக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு தடவை குளித்தும் மீன் வாடை போகவில்லை.

மார்ச் 4, சனி

ஐந்திலிருந்தும் சிக்னல் வருகிறது. தனியாகப் பொருத்தியவை மூன்றும் சரியாக வேலை செய்கின்றன என்று மேடத்துக்கு எழுதினேன். "சபாஷ்" என்று பதில் வந்தது.

மார்ச் 12, ஞாயிறு

நாலு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் புதிய இடம் வரும். தெரிந்தும் அரை மணிக்கு ஒரு தரம் கணினியைத் திறக்கிறேன். வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து, "ஏட்டி, பரீட்சை மார்க்கு வந்துட்டுதான்னு பாக்குத மாதிரி பாக்கியே" என்று சிரித்தார். நாங்குநேரியில் இந்த மாடி அறைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் ஊர் இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். ஏன் அங்கிருந்தே வேலைக்குப் போகக்கூடாது என்று அந்த அம்மா மாதம் ஒரு முறை கேட்பார். சரணாலயம் இங்கிருந்துதான் பக்கம் என்று சொல்வேன்.

சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

மார்ச் 27, திங்கள்

மூன்றாம் எண் சரணாலயத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. தெற்கே ஒரு குளத்தில் நிற்கிறது. காலையில் பயங்கர சந்தோஷம், ஐந்தில் முதலில் தனியாகப் போனது அதுதான். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்த தாவீது அண்ணாச்சி, "இது சடையன்குளம்லா?" என்றார்.

"ஆமா."

"அப்ப இது உங்க..."

"தெரியும் அண்ணாச்சி" என்றேன். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

மார்ச் 29, புதன்

மூன்றாம் எண் இரண்டு நாளாக அதே இடம். குளத்தின் வடகரை. மின்கலம் 84. இளம் பறவைகள் நல்ல தீனி கிடைத்தால் ஓரிடத்தில் தங்குவது வழக்கம்தான்.

எரிவாயு வந்தது.

மார்ச் 31, வெள்ளி

நகரவில்லை. மின்கலம் 70. இறகு வளர்ந்து தகட்டை மூடியிருக்கும். போய்ப் பார்க்கலாம் என்று தாவீது அண்ணாச்சி இரண்டு முறை சொன்னார். பறவைக் கணக்கெடுப்புத் தாள்களைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். சரிபார்த்தேன். முன்பே சரிபார்த்த தாள்கள்.

ஏப்ரல் 1, சனி

நகரவில்லை. 58. துணி துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

மைனி போன் செய்தார். அண்ணன் மனைவி. அண்ணன் குளத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வாரம் ஒரு தரம் பேசுவார். பிள்ளைகள் பரீட்சை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்லிவிட்டு, "ஆவுடை, கோழிக்குப் புண்ணு வந்தா மஞ்சள் போடலாமா?" என்று கேட்டார்.

"போடுங்க மைனி. பெரிய புண்ணா?"

"ஆமா. இறக்கைக்கு அடியில. சீ பிடிச்சிருக்கு."

"கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"கொண்டு போவ முடியாதுல்லா" என்றார். எனக்குக் கணினியில் கண். சரி மைனி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, திங்கள்

பெட்டிக்குள் அசைவு அளக்கும் கருவி ஒன்றும் உண்டு. மூன்றாம் எண் பறக்கவில்லை, நீந்தவில்லை. ஆனால் தினமும் காலை ஆறே முக்காலுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் பத்துப் பத்து நிமிடம் அசைகிறது. மற்ற நேரமெல்லாம் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஒரு காட்டுப் பறவை இப்படி மணி பார்த்து அசையாது. மேடம் போனில் அதைத்தான் கேட்டார்.

"நேர்ல போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம். கரையில்தான் உட்கார்ந்திருக்கு. நல்லாத்தான் இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

தெரியும். எழுதியே விடுகிறேன். சடையன்குளத்தின் மீன் குத்தகை என் அண்ணன் சுடலைமணியிடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குளத்துக்கு மேலே கட்டியிருந்த வலையில் பதினோரு நீர்க்காகங்கள் தொங்கின. நான் படம் எடுத்தேன். படத்தை வனத்துறைக்கு அனுப்பினேன். அண்ணனை அழைத்துப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள், பிறகு அபராதம். யார் அனுப்பிய படம் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

இப்போது மறுபடியும் அதே குளம். நான் போனால் மறுபடியும் பார்க்க வேண்டிவரும். பார்த்தால் மறுபடியும் சொல்ல வேண்டிவரும்.

ஏப்ரல் 4, செவ்வாய்

காலை பத்து மணியோடு மூன்றாம் எண்ணின் சிக்னல் நின்றுவிட்டது. கடைசியாக வந்த மின்கல அளவு 9.

மொட்டை மாடியில் நடந்தேன். கீழே வந்தேன். திரும்பவும் ஏறினேன்.

ஏப்ரல் 5, புதன்

போனேன். தாவீது அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை, அவர் வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வடகரையில் மோட்டார் அறை இருக்கிறது. வாசலில் மைனி உட்கார்ந்து ஜிலேபிக் கெண்டையை முள் எடுத்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார். "வந்துட்டியா" என்றார், முன்பே வருவேன் என்று எதிர்பார்த்திருந்தவர் போல.

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தான். கையில் வாளி. காதோரம் நரைத்திருக்கிறது, எப்போது நரைத்ததோ.

"போட்டோ எடுக்க வந்தியா?"

"இல்ல."

"எடுத்துக்க. உள்ளதான் இருக்கு."

தகரக் கூரை. ஈரச் சாக்கு விரித்து அதன் மேல் மூன்றாம் எண் உட்கார்ந்திருந்தது. இடது இறக்கை தரையில் கிடந்தது. முதுகில் பெட்டி அப்படியே இருந்தது, இம்மிகூடச் சரியாமல். இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் அப்பியிருந்தார்கள். மஞ்சளுக்கு அடியில் வார் தெரியவில்லை. சதைக்குள் போயிருந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது.

"எப்ப இருந்து?"

"ஒம்பது நாளாச்சு. இறக்கையை இழுத்துக்கிட்டுக் கரையில கெடந்துச்சு. நாயி சுத்திக்கிட்டு நின்னுச்சு. தூக்கிட்டு வந்து உள்ள போட்டேன். காலையிலயும் சாயங்காலமும் மீன் ஊட்டுதோம்."

"வலையில ஏதும்..."

அண்ணன் வாளியைக் கீழே வைத்தான்.

"எந்த வலை? இந்தக் குளத்துக்கு மேல வலை கட்டி ரெண்டு வருசம் ஆச்சு. நம்பிக்கை இல்லன்னா கரையைச் சுத்திப் பார்த்துட்டு வா. அன்னைக்குக் கட்டுனது என் வலைதான். நான் இல்லன்னு எங்கயாவது சொன்னேனா? இது என் வலை இல்ல ஆவுடை. இது உன் வாரு."

மைனி, "விடுங்க" என்றார்.

"அண்ணே, ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"போட்டு? நான் சொன்னா நீ நம்பியிருப்பியா?"

வேறொன்று கேட்டேன். "வாரை அறுத்தாவது விட்டிருக்கலாமே?"

"கவர்மெண்டு சாமானு. அதை அறுத்தேன்னு இன்னொரு கேஸ் போடவா?"

ஒன்பது நாள் அவன் பயந்துகொண்டு அறுக்காமல் இருந்திருக்கிறான். ஒன்பது நாள் நான் மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணன் மண்டி போட்டு அலகைப் பிடித்துக்கொண்டான். பிடிக்கத் தேவையே இருக்கவில்லை, அது கொத்தவில்லை. வாரை இழுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அண்ணன் பறவையோடு பேசிக்கொண்டிருந்தான். "இந்தா ஆச்சு. இந்தா ஆச்சு. பொறு."

என்னோடு அதற்குப் பிறகு பேசவில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு போனேன். கழுவி, ஊசி போட்டார். உயிர் பிழைத்தால் அதிர்ஷ்டம், பறப்பது சந்தேகம் என்றார். மாட்டியபோது இடம் விட்டிருக்க வேண்டும், பறவை வளர வளர வார் உள்ளே இறங்கியிருக்கிறது என்றார். யார் மாட்டியது என்று கேட்டார். "எங்க டீம்" என்றேன்.

சாயங்காலம் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், திங்கட்கிழமை சொன்ன பொய் உட்பட. முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அது மீன் குளம்தானே. வலை இருக்கிற இடம். வலையில சிக்கி இழுத்ததுல வார் இறுகிப் போச்சுன்னு எழுதலாம். முழுப் பொய்யும் இல்ல, அப்படி நடக்கவும் வாய்ப்பு இருக்கு."

"அங்க வலை இல்ல மேடம்."

"ரெண்டு வருஷம் முன்னாடி இருந்ததுக்கு நம்மகிட்டயே ரிப்போர்ட் இருக்கு. ஆவுடை, நான் உன்னைக் காப்பாத்தறதுக்கு மட்டும் சொல்லல. நம்ம வார் தப்புன்னு போனா அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க. நாலு வருஷம் அலைஞ்சு வாங்கினது. யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

கெட்டவர் இல்லை அவர். அந்த அனுமதிக்காகச் சென்னையில் எத்தனை நாற்காலிகளில் காத்துக் கிடந்தார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குளத்துக் குத்தகைக்காரர் எனக்கு யார் என்பது அவருக்குத் தெரியாது.

யோசித்தேன் என்றுதான் எழுத வேண்டும். வலை என்று எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். அதற்கு என் படமே சாட்சி. ஒரு மணி நேரம் அதை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 7, வெள்ளி

அறிக்கை அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய எண்களுக்கு வாரைப் பொருத்தியது நான், சொன்ன அளவைவிட இறுக்கமாகப் பொருத்தினேன், காயத்துக்கு அதுவே காரணம். சிக்னல் நகராதது தெரிந்தும் ஒன்பது நாள் போகவில்லை. பறவையைக் காப்பாற்றி வைத்திருந்தவர் குத்தகைதாரர் சுடலைமணி, அவர் என் அண்ணன்.

மேடத்துக்கும் வனத்துறைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். முதலில் மேடத்துக்கு மட்டும் அனுப்பினால் மனசு மாறிவிடுவேனோ என்று பயம்.

மேடம் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "மற்ற நாலையும் உடனே பிடி."

ஏப்ரல் 10, திங்கள்

ஒன்றும் இரண்டும் ஐந்தும் இன்னும் சரணாலயத்தில்தான் இருக்கின்றன. தாவீது அண்ணாச்சியும் நானும் விடிந்ததிலிருந்து இடுப்பளவு சேற்றில். மதியத்துக்குள் மூன்றையும் பிடித்துவிட்டோம். ஒன்று, இரண்டு, மேடம் பொருத்தியவை: தோலில் ஒரு தடம்கூட இல்லை. ஐந்து: இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் இறகு தேய்ந்து சிவந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் அதுவும் அப்படித்தான்.

மூன்று பெட்டிகளையும் கழற்றிவிட்டோம். உத்தரவும் அப்படித்தான் வந்திருக்கிறது. அனுமதி நிறுத்திவைப்பு. இந்த மாதத்தோடு எனக்கு வேலை இருக்குமா என்று மேடத்திடம் கேட்கவில்லை.

நான்காம் எண் மட்டும் இங்கே இல்லை. போன வாரமே வடக்கே கிளம்பி ராமநாதபுரம் தாண்டிவிட்டது.

ஏப்ரல் 12, புதன்

மூன்றாம் எண் செத்துப்போயிற்று. மைனி சொல்வார் என்று நினைத்தேன். அண்ணனே போன் செய்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"காலையில மீன் கொண்டு போனேன். கழுத்தை முதுகுல மடக்கி வச்சிருந்துச்சு. தூங்குதுன்னு நெனச்சேன்."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நேத்து சாயங்காலம் நாலு மீன் தின்னுச்சு" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

ஏப்ரல் 13, வியாழன்

நான்காம் எண், அறந்தாங்கிப் பக்கம். மின்கலம் 91. நேற்றுப் பறந்த தூரம் முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

ஏப்ரல் 14, வெள்ளி

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஏரி. பறந்தது இருபத்திரண்டு கிலோமீட்டர்.

ஏப்ரல் 15, சனி

மூன்று கிலோமீட்டர்.

மதியம் அண்ணனிடமிருந்து போன்.

"இன்னொண்ணு பாக்கி இருக்குன்னு உன் மைனி சொன்னா. எங்க நிக்குது?"

சொன்னேன்.

"பறக்குதா?"

"நாளுக்கு நாள் குறையுது."

"எப்படிப் பிடிப்ப?"

"தெரியல. தாவீது அண்ணாச்சிக்கு முழங்கால் வீங்கிக் கெடக்கு. அங்க உள்ள வனக்காவலர் ஒருத்தர் வாரேன்னு சொல்லிருக்கார்."

"அவருக்கு வலை வீசத் தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்குக் காலையில நாங்குநேரி பஸ் ஸ்டாண்டுல நில்லு" என்றான்.

ஏப்ரல் 17, திங்கள்

பட்டுக்கோட்டைக்கு வெளியே ஒரு விடுதி. அண்ணன் சாக்கில் வீச்சு வலையைச் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறான். ஓரத்தில் கட்டியிருந்த ஈயக் குண்டுகளைப் பாதிக்குமேல் கழற்றிவிட்டான், பறவை மேல் விழுந்தால் அடிபடாமல் இருக்க. நேற்றுப் பேருந்தில் மதுரை வரை பேசவில்லை. மதுரையில் தேநீர் வாங்கிக் கொடுத்து, "இன்னும் அங்கயே இருக்கா, பாரு" என்றான். போனில் பார்த்தேன். இருக்கிறது. அதே ஏரி.

விடிகாலையில் ஏரிக்குப் போனோம். நான்காம் எண் நடு ஏரியில் ஒரு மொட்டைக் கருவேலத்தில் உட்கார்ந்திருந்தது. தொலைநோக்கியில் பெட்டி பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் கரையிலிருந்து மீனை வீசினான். மதியம் வரை வீசினான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

இறங்கி வந்தது. நாற்பது அடியில் நின்றுவிட்டது. கிட்டே போனால் விலகுகிறது. எனக்குக் கால் தரிக்கவில்லை, ஒரு தடவை தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். பறந்து மரத்துக்குப் போய்விட்டது. பறக்கும்போது இடது இறக்கை முழுசாக விரியவில்லை.

"ஏட்டி, நீ கரைக்குப் போ" என்றான் அண்ணன். "ஒன்னோட அவசரத்துக்கு அது வராது."

போய்க் கரை மேல் வனக்காவலரோடு உட்கார்ந்தேன். அவர் கடலை கொடுத்தார். எத்தனை உரித்தேன் என்று தெரியவில்லை, ஒன்றையும் தின்னவில்லை.

ஏப்ரல் 19, புதன்

காலை ஏழே காலுக்குப் பிடித்தோம்.

அண்ணன் அரை மணி நேரம் தண்ணீரில் அசையாமல் நின்றான். கெண்டையை ஒவ்வொன்றாகப் போட்டான், ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கிட்டே. அது நீந்தி நீந்தி வந்தது. பன்னிரண்டு அடியில் அலகைத் தண்ணீருக்குள் விட்ட நொடியில் வலையை வீசினான். வலை வட்டமாக விரிந்து அதன் மேல் படிந்தது. நான் எப்படித் தண்ணீருக்குள் போனேன் என்று ஞாபகம் இல்லை. அண்ணன் வலையோடு சேர்த்து அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டிருந்தான். அலகால் அவன் கன்னத்தில் நன்றாக ஒன்று போட்டது. ரத்தம் வந்தது. "போடு, போடு" என்றான், சிரித்துக்கொண்டே.

வார் தோலோடு ஒட்டியிருந்தது. இறகு போய் வெள்ளைத் தோல் தடித்திருந்தது. இடப்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் தோல் கிழிந்து ஈரம். சதை கெடவில்லை. கத்தரித்தேன். மருந்து போட்டேன். அண்ணன் ஒரு கையால் என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டான். பெட்டியைக் கழற்றி வனக்காவலர் கையில் கொடுத்தேன்.

விட்டதும் உடனே பறக்கவில்லை. தண்ணீரில் கொஞ்ச தூரம் போய் நின்று இறக்கையை இரண்டு தரம் உதறியது. பிறகு தண்ணீரை மிதித்துக்கொண்டே ஓடி எழும்பி மரத்தைத் தாண்டிப் போயிற்று. இடது இறக்கை இன்னும் முழுசாக விரியவில்லை. ஆனால் போயிற்று. மரம் மறைத்துவிட்டது. வனக்காவலர் கை தட்டினார். நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் வலையை அலசிப் பிழிந்துகொண்டிருந்தான்.

மதியம் மதுரைப் பேருந்து. ஈர வலைச் சாக்கு காலடியில். பட்டுக்கோட்டை தாண்டியதும் நடத்துநர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னய்யா இது, மீனா? மீன் ஏத்தக்கூடாதுன்னு தெரியாது?"

"மீனு இல்ல சார். வலை. பறவை பிடிக்கப் போனோம்."

"பறவையா? எங்க?"

"பிடிச்சு விட்டுட்டோம்."

நடத்துநர் அண்ணனின் கன்னத்துக் காயத்தைப் பார்த்தார். என் சேற்றுச் சுடிதாரைப் பார்த்தார்.

"அவங்க யாரு?"

"என் தங்கச்சி" என்றான் அண்ணன். "மதுரைக்கு ரெண்டு குடுங்க."